விடுமுறையும் அலுமாரித் திறப்பும்

நம் கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருதல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவது என்று சில நாள் தயங்கினேன். கல்லூரியின் வரலாற்றை எழுதுவதற்கு என்னினும் மூத்தோர் பலர் உளர். விளையாட்டு வெற்றிகளை எழுதுவதற்கு அத்துறையில் உழைத்தோர் உளர். நானோ தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியன். இக்கல்லூரியின் பழைய மாணவன். வகுப்பறையில் என் கையில் இருப்பது ஒரு வெண்கட்டி. வகுப்பு முடிந்தபின் என் கையில் இருப்பது நூலக அலுமாரியின் திறப்பு. அத்திறப்பைப் பற்றிச் சில சொல்லலாம் என்று துணிந்தேன். அதிலே என் பிழையொன்றும் அடங்கியிருக்கின்றது. பிழையைச் சொல்லாமல் அறிவுரையை மட்டும் சொல்லுதல் ஆசிரியருக்கு எளிது. ஆயின் கேட்போருக்குப் பயனில்லை.

சித்திரை, ஆவணி, மார்கழி என ஆண்டில் மூன்று முறை தவணை விடுமுறை விடுவது நம் பாடசாலைகளின் வழக்கம். விடுமுறையின் இன்பத்தை நான் மறுப்பவன் அல்லேன். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டை நம் நாட்டில் அறியாத பிள்ளை இல்லை. கூழையும் கொழுக்கட்டையையும் விடுமுறை மகிழ்ச்சியோடு சேர்த்துப் பாடிய அப் பெரியார் பள்ளிக்கூடத்து ஆசிரியராகவும் இருந்தவர். எனவே விடுமுறையில் விளையாடாதே, உறங்காதே, நல்லூர்த் திருவிழாவுக்குப் போகாதே என்று சொல்ல நான் வரவில்லை.

எனினும், தவணை தொடங்கும் முதல் வாரத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் காணும் காட்சி ஒன்று உண்டு. விடுமுறைக்கு முன்னர் ஒரு பக்கத்தைத் தட்டின்றி வாசித்த மாணவன், இப்போது நான்காம் வரியிலே நிற்பான். சொற்களை அறிவான், ஆயின் வாக்கியத்தின் முடிவுக்குப் போவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவான். இன்னொருவனோ, சென்ற தவணையில் தடுமாறியவன், இப்போது நிமிர்ந்து நின்று வாசிப்பான். இருவரையும் நான்கு வாரம் எவரும் கற்பிக்கவில்லை. ஒருவனுடைய வீட்டில் புத்தகம் இருந்தது. மற்றவனுடைய வீட்டில் இல்லை. வேற்றுமை பெரும்பாலும் இவ்வளவே.

இக்காலத்தில் விடுமுறை என்பது பலருக்குப் பெயரளவிலேயே உள்ளது. காலையில் ஒரு தனியார் கல்வி நிலையம், மாலையில் மற்றொன்று. இடையிலே சைக்கிளில் ஓட்டம். புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் வினாவுக்கு விடை தேடிப் படிப்பது வேறு. வினா எதுவுமின்றி ஒரு நூலுக்குள் நுழைந்து, தானே வினவத் தொடங்குவது வேறு. இரண்டாவது வாசிப்புக்கு விடுமுறையே தக்க காலம். இதனை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. எவரும் வேண்டிப் பெறாத நீண்ட விடுமுறை ஒன்றிலே கற்றேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊர்விட்டுப் புறப்பட்டோம். மழைக்காலம், நாவற்குழிப் பாலத்தருகே சனம் நகரவியலாது நெருங்கி நின்றது. நான் அப்போது எட்டாம் ஆண்டு மாணவன். என் புத்தகப்பை நனைந்து, வரலாற்றுப் புத்தகமும் கணிதக் கொப்பியும் ஒன்றாய் ஒட்டிப்போயின. தென்மராட்சியில் ஒரு வீட்டின் விறாந்தையில் எங்கள் குடும்பத்துக்கும் மற்றிரு குடும்பங்களுக்கும் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடங்களில் அகதிகள் தங்கியிருந்தனர், படிப்பு நடைபெறவில்லை. எப்போது நடைபெறும் என்று சொல்வாரும் இல்லை.

அவ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரார் அவரைச் சட்டம்பியார் என்றே அழைப்பர். கண்ணிலே புரை படர்ந்து, முகத்துக்கு நேரே பிடித்த எழுத்தும் அவருக்குத் தெரியாது. அவருடைய கட்டிலின் கீழே பெரிய றங்குப்பெட்டி ஒன்று இருந்தது. நாவலர் பெருமானின் பாலபாடங்கள், கந்தபுராண உரை, பழைய பஞ்சாங்கங்கள், வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டிய பொன்னியின் செல்வன் ஆகியவை அதற்குள் இருந்தன. ஒருநாள் நான் வேலையின்றிக் கிணற்றடியில் இருப்பதை என் குரலால் அறிந்து, அவர் என்னைக் கூப்பிட்டார். மடியிலிருந்த திறப்பை எடுத்து நீட்டினார்.

“இந்தா தம்பி, திறப்பு. வேண்டியதை எடுத்து வாசி. எடுத்த இடத்திலை திருப்பி வை. வாசிச்சதைப் பின்னேரம் எனக்கு ஒருக்காச் சொல்லவேணும்.”

வேறு நிபந்தனை எதுவும் இல்லை. நான் அவருக்கு முன்பின் அறியாத பிள்ளை; கை கழுவினேனா என்றுகூட அவர் கேட்கவில்லை. பகலில் மாமரத்தின் கீழிருந்து வாசித்தேன். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயோ பொன்னுக்கு நிகர். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கினடியில், அம்மா சமைத்து முடிக்கும் வரையில் இரவிலும் வாசித்தேன். பின்னேரங்களில் சட்டம்பியாருக்குக் கதை சொன்னேன். நான் அவசரத்தில் விட்டவற்றை அவர் கேட்டே கண்டுபிடித்துவிடுவார். “அது சரி, அவன் ஏன் அப்படிச் செய்தவன்?” என்பார். விடை தெரியாவிடின் மறுநாள் மீண்டும் வாசிக்க வேண்டியதே. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகம் அப்பெட்டியில் இல்லை. அதில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் இருவருமே கூடி யோசித்துக் கதை அமைத்தோம். பிற்காலத்தில் அப்பாகத்தை வாசித்தபோது, எங்கள் கதையிலும் ஆசிரியரின் கதை நன்றாக இருந்ததை ஒப்புக்கொண்டேன்.

1996இல் நாங்கள் ஊருக்கு மீண்டோம். புறப்படும் நாளில் சட்டம்பியார் பாலபாடம் ஒன்றைத் தந்து, “இது இரவல்தான், தருமமில்லை. திருப்பித் தரவெண்டாலும் ஒருநாள் வரத்தானே வேணும்” என்றார். போக எண்ணி எண்ணி நாட்கள் போயின. 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி பேரழிவுக்கு உள்ளாயிற்று. பின்னர் நான் சென்றபோது அவர் உயிரோடு இல்லை; வீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. றங்குப்பெட்டி என்னவாயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. அப்பெட்டியிலிருந்தவற்றுள் நான் அறிய எஞ்சியிருப்பது, எனக்கு இரவலாய்க் கிடைத்த அந்தப் பாலபாடம் ஒன்றே.

இத்தகைய ஒருவரின் கையால் வாசிப்பைப் பெற்ற நான், ஆசிரியனானபோது என்ன செய்தேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

ஆசிரிய கலாசாலையில் பயிற்சி முடித்து, தீவகத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கலானேன். நூலகப் பொறுப்பும் என்னிடம் வந்தது. நூலகம் என்பது இரண்டு அலுமாரிகள். ஆண்டிறுதியில் இருப்புக் கணக்கெடுப்பு நடைபெறும். நூல் குறைந்தால் பொறுப்பாசிரியரே விடை சொல்ல வேண்டும். ஆகவே தவணை முடிவதற்கு ஒரு வாரத்தின் முன்னரே எல்லா நூல்களையும் திருப்பி வாங்கி, எண்ணி, அடுக்கி, பூட்டித் திறப்பை அதிபரிடம் ஒப்படைப்பேன். ஒரு நூலும் குறைந்ததில்லை. அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

2010ஆம் ஆண்டு ஆவணி விடுமுறைக்கு முந்திய நாள், எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் அலுமாரியருகே வந்து நின்றான். கடற்றொழிலாளியின் மகன். நூலகப் பாடவேளைகளில் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலைச் சிறிது சிறிதாக வாசித்துப் பாதி வந்திருந்தான். நெடுந்தீவுக் கடற்கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வோரைப் பற்றிய கதையாதலால், அவனுக்கு அது தன் வீட்டுக் கதை போலிருந்தது. வலைக்கும் படகுக்கும் உரிய சொற்கள் வருமிடத்தில் எனக்கு விளக்கம் சொன்னவன் அவன்.

“சேர், இந்தப் புத்தகத்தை லீவுக்கு வீட்டை கொண்டுபோகட்டோ?” என்றான்.

“லீவு முடிய வா, தாறன்” என்றேன்.

அவன் மறுமுறை கேட்கவில்லை. தலையசைத்துவிட்டுப் போனான். விடுமுறை முடிந்தது, அவன் வரவில்லை. தகப்பனார் நோயுற்றதால் தமையனோடு கடலுக்குப் போகின்றான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வீட்டுக்கு இருமுறை சென்று பேசினேன். “பாப்பம் சேர்” என்றார் தாயார். அவன் பாடசாலைக்கு மீளவே இல்லை. வாடைக்காற்று அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2023இல், இறங்குதுறையொன்றில் படகுக்குக் காத்து நின்றேன். தாடி வைத்த இளைஞன் ஒருவன் வந்து “சேர்” என்று வணங்கினான். குரலால்தான் அறிந்தேன். உடல்நலம், பிள்ளைகள், தொழில் எனப் பேசினோம். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தான். கடன் தொடர்பாக வந்த கடிதம், தமிழில்தான் இருந்தது.

“இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ சேர். எனக்கு எழுத்துத் தெரியாமலில்லை. ஆனா வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை களைச்சுப்போறன். தொடக்கத்திலை என்ன கிடந்ததெண்டு மறந்துபோகுது.”

வாசித்துச் சொன்னேன். எந்நாளுக்குள் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை விரலால் எண்ணிக் கணக்கிட்டுக்கொண்டான். பிறகு, மனம் பொறாமல், “வாடைக்காற்று நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன். அவன் சற்று யோசித்து, “இப்ப சோழகமெல்லோ சேர், வாடை பிறகுதான்” என்றான். நான் கடற்காற்றைக் கேட்பதாக எண்ணிவிட்டான். அந்நூலை அவன் முற்றாக மறந்துபோயிருந்தான். நான்தான் மறக்கவில்லை.

அன்று ஒரு நூலைக் கொடுத்திருந்தால் அவன் பாடசாலைக்கு மீண்டிருப்பான் என்று நான் சொல்லேன். வறுமையையும் நோயையும் ஒரு நாவல் வெல்லாது. ஆயின் அவன் வாசிப்பில் விருப்போடிருந்த கடைசி நாட்கள் அவை. கையில் ஒரு நூல் இருந்திருப்பின், கரையிலிருக்கும் வேளைகளில் மீதிப் பாதியை வாசித்திருப்பான். அது முடிய இன்னொன்று கேட்டும் வந்திருக்கலாம். பாடசாலையை விட்ட பின்னும் வாசிப்பு அவனோடு இருந்திருக்கலாம். அந்த வாய்ப்பை மறுத்தது வறுமையன்று, நான். அதற்கு நான் சொன்ன நியாயம் நூலின் பாதுகாப்பு.

நூலின் பாதுகாப்பு என்பது யாது? நம் நாட்டார் இதனை நன்கு அறிதல் வேண்டும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஊரூராய் ஏடு தேடியவர். பெட்டியிலும் பரணிலும் காக்கப்பட்ட ஏடுகள் செல்லுக்கு இரையாகிப்போனமை கண்டு அவர் வருந்தினார். பலர் கையிலும் சேர்ந்தாலன்றி நூல் பிழையாது என்பதே அவர்தம் அச்சுப்பணியின் உட்கருத்து. இன்னும் அண்மையிலே பார்ப்போம். 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1959இல் பெருங்கட்டடமாய் எழுந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி நள்ளிரவை அடுத்து அது எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் சில, இரவல் பெற்றோர் வீட்டில் அன்றிரவு இருந்திருக்குமாயின், அவை மட்டும் தப்பியிருக்கும். பூட்டு எல்லா ஆபத்தினின்றும் நூலைக் காப்பதில்லை. சட்டம்பியாரின் பெட்டியும் அதற்கே சான்று.

இறங்குதுறையில் நிகழ்ந்ததன் பின்னர், நம் கல்லூரியில் என் பொறுப்பிலுள்ள அலுமாரியை விடுமுறைக்கு முன்னர் பூட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அதிபரும் இசைந்தார். தவணையின் கடைசி நாளில் நூல்களை மேசையிற் பரப்பிவைப்பேன். விரும்பியவன் விரும்பிய நூலை எடுத்து, ஒரு கொப்பியில் தன் பெயரைத் தானே எழுதிக் கொண்டுபோகலாம். முதல் விடுமுறையின் பின் இரண்டு நூல்கள் திரும்பவில்லை. ஒன்றை ஆடு தின்றுவிட்டதாக மாணவன் சொன்னான், நம்பினேன். மற்றது மூன்று மாதம் கழித்து வந்தது. அம்மம்மா வாசித்து முடிக்கவில்லை என்பது காரணம். இத்தகைய காரணத்தால் இன்னும் பல நூல்கள் பிந்துமாயின் நான் மகிழ்வேன்.

மாணவர்களே, இனி உங்களுக்குச் சில சொல்வேன்.

விடுமுறையில் வாசிப்பதற்கு நேரசூசி வேண்டியதில்லை. நாளுக்கு அரைமணி போதும். ஆயின் ஒருநாளும் விடாதீர்கள். வாசிப்பு நீச்சல் போன்றதன்று. நீச்சலைக் கற்றவன் மறப்பதில்லை என்பர். வாசிப்போ, விட்டால் தளர்கின்றது. எழுத்துகள் மறப்பதில்லை, நீண்ட வாக்கியத்தைத் தாங்கிச் செல்லும் வலிமையே குறைகின்றது.

பெரிய நூலைத்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. பிடிக்காத நூலை இருபது பக்கம் வாசித்துப் பார்த்து மூடிவைக்கலாம், அது பாவமன்று. பிடித்த நூலை இரண்டாம் முறை வாசிக்கலாம், அது வீண்காலமுமன்று. உரக்க வாசியுங்கள். நம் கோயில்களில் கந்தபுராணப் படனம் நிகழும்போது ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். கேட்போர் சூழ இருப்பர். வாசிப்பைத் தனித்தொழிலாக நம் முன்னோர் எண்ணவில்லை. உங்கள் வீட்டில் கண் மங்கிய பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பாராயின், அவருக்குப் பத்திரிகையையேனும் வாசித்துக் காட்டுங்கள். அவர் “ஏன்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே நல்ல வாசிப்பு.

நூல் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் பத்திரிகைகள் கிடக்கின்றன. கைத்தொலைபேசி உள்ளவர், 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் பாடசாலை மலர்களையும் பணமின்றி வாசிக்கலாம். கைத்தொலைபேசியைக் குறைகூறுவோர் பலர். அதனுள்ளும் ஒரு றங்குப்பெட்டி உண்டு. திறப்பு உங்கள் கையிலேயே இருக்கின்றது.

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இருப்புக் கணக்கெடுப்பைப் பற்றிய அச்சம் எனக்கும் உண்டு. ஆயினும் ஒரு நூலும் தொலையாத பாடசாலை நூலகத்தை இப்போது நான் கண்டால், அங்கே வாசிப்போர் எத்தனை பேர் என்று வினவத் தோன்றுகின்றது. தொலைந்த நூலுக்கு ஈடு கொடுக்கலாம். லீவுக்குக் கேட்டு வந்த பிள்ளை மறுமுறை கேட்காமற் போனால் அதற்கு ஈடில்லை.

பழைய மாணவப் பெருமக்களே, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து கல்லூரிக்கு நீங்கள் செய்துவரும் உதவிகள் பல. கட்டடம் தந்தீர்கள், மைதானம் திருத்தினீர்கள், அவை யாவும் போற்றத்தக்கன. இவ்விழா ஆண்டில் ஒன்று கேட்பேன். இளமையில் நீங்கள் விரும்பி வாசித்த நூல் எதுவோ, அதில் இரண்டு பிரதி வாங்கித் தாருங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும். நூலின் முதற்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதாவிடினும், எந்த வயதில் எங்கேயிருந்து அதனை வாசித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைக் காணும் மாணவன் தானும் எடுத்துப் பார்ப்பான்.

சட்டம்பியாருடைய பாலபாடம் இப்போதும் என்னிடம் உண்டு. அதனை நெடுநாள் வீட்டிலே கண்ணாடிக்குள் வைத்திருந்தேன். சென்ற விடுமுறையில் அதனையும் மேசையிற் பரப்பிய நூல்களோடு சேர்த்து வைத்தேன். ஆறாந் தரத்துச் சிறுவன் ஒருவன் அதன் பழமையைக் கண்டு எடுத்தான். “சேர், இது கிழிஞ்சுபோனால்?” என்று கேட்டான்.

“ஒட்டலாம். வாசிச்சுப்போட்டு எனக்கு ஒருக்காச் சொல்லவேணும்” என்றேன்.

கொப்பியில் தன் பெயரை எழுதினான். தவணை தொடங்கிய அன்று கொண்டுவந்து தந்தான். ஒரு பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. கதைகளைச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டான். எதை விட்டான் என்று கேட்டேன். திரும்பவும் கொண்டுபோயிருக்கின்றான்.